பனிக்காலக் கோழிக்கூடு

பனிக்காலக் கோழிக்கூடு என்பது, வெப்பநிலை பல மாதங்களுக்கு உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாடுகளில், வீட்டுக் கொல்லைப்புறத்தில் சிறு எண்ணிக்கையில் வளர்க்கப்படும் கோழிகள் குளிர்காலத்தைக் கடப்பதற்காக அமைக்கப்படும் கூடு ஆகும். கனடா, அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட மாநிலங்கள், வட ஐரோப்பிய நாடுகள், உருசியா முதலிய பகுதிகளில் இத்தகைய கூடுகள் காணப்படுகின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் கனடாவின் கியூபெக், ஒன்ராறியோ மாகாணங்களையும் அவற்றை ஒட்டிய அமெரிக்க மாநிலங்களையும் கருத்திற் கொண்டது.

கோழிகளைச் சூடாக வைத்திருப்பதே இக்கூட்டின் முதன்மை நோக்கம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இது முழுவதும் சரியன்று. இறகு நிறைந்த, நன்கு உண்ட, வளர்ந்த கோழி உலர்ந்த இடத்தில், காற்று நேரே படாமல் அமர்ந்திருந்தால் −20 பாகை செல்சியசு குளிரையும் தாங்கக் கூடியது. அதனால் தாங்க இயலாதது ஈரம். குளிருக்கு அஞ்சிக் கூட்டின் எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவதே புதிதாகக் கோழி வளர்ப்போர் செய்யும் பெரும் பிழையாகும். இதனால் கூட்டினுள் ஈரமும் அமோனியாவும் தேங்கி, பனிக்கடிக்கும் மூச்சு நோய்களுக்கும் வழிவகுக்கின்றன.

கோழியின் உடலும் குளிரும்

வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை, தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி ஆகும். பல வளர்ப்புக் கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பதை 2008 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. இவ்வாறு வெப்ப நாட்டுக் காடுகளில் தோன்றிய பறவையாயினும், கோழியின் உடலில் குளிரைச் சமாளிக்கும் பல ஏற்பாடுகள் உள்ளன.

கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 பாகை செல்சியசு. குளிரும்போது கோழி தன் இறகுகளைச் சிலிர்த்துக் கொள்கிறது. வெளியிறகுகளுக்குக் கீழுள்ள மென்தூவிகளுக்கிடையே சிறைப்படும் காற்று சிறந்த வெப்பக் காப்பாகச் செயற்படுகிறது. இறகு நனைந்தால் இக்காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்வதால் காப்பு குலைந்துவிடும். நேரே வீசும் காற்றும் இறகுகளைக் கலைத்து இதே விளைவை உண்டாக்கும்.

இறகற்ற கால்களில் எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் நடைபெறுகிறது. உடலிலிருந்து காலுக்குச் செல்லும் தமனியும், காலிலிருந்து திரும்பும் சிரையும் அருகருகே அமைந்துள்ளன. சூடான குருதி தன் வெப்பத்தைத் திரும்பி வரும் குளிர்ந்த குருதிக்குக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்குவதால், கால் குளிர்ந்திருந்தாலும் உடல் வெப்பம் வீணாவதில்லை. உறங்கும்போது கோழி தன் விரல்களை வயிற்றிறகால் மூடிக்கொள்வதும், தலையைச் சிறகினுள் செருகிக்கொள்வதும் இக்காரணம் பற்றியே.

கொண்டையும் தாடியும் இத்தகைய காப்பு அற்றவை. கோடையில் உடல் வெப்பத்தை வெளியேற்றுவதற்குப் பயன்படும் இவ்வுறுப்புகள், குளிர்காலத்தில் முதலில் பாதிக்கப்படுகின்றன.

வரலாறு

குளிர் நாடுகளில் கோழி வளர்ப்பு புதியதன்று. ஐசுலாந்தில் குடியேறிய நோர்சு மக்கள் 9, 10 ஆம் நூற்றாண்டுகளில் தம்முடன் கோழிகளைக் கொண்டு சென்றனர். அவற்றின் வழிவந்த நாட்டுக் கோழிகள் இன்றும் அங்குள்ளன.

வட அமெரிக்கப் பண்ணைகளில் கோழிகளைக் குளிர்காலத்தில் இறுக மூடிய, சிலவேளைகளில் அடுப்பு வைத்துச் சூடாக்கிய கூடுகளில் அடைக்கும் வழக்கம் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதற்கு மாறான கருத்து வலுப்பெற்றது. பிரின்சு டி. உட்சு என்பவர் 1912 ஆம் ஆண்டு திறந்தவெளிக் கோழிக்கூடுகள் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் விளக்கிய கூட்டில் மூன்று பக்கங்கள் காற்றுப் புகாதவாறு அடைக்கப்பட்டிருக்கும். தெற்கு நோக்கிய முன்பக்கம் கம்பி வலையுடன் குளிர்காலத்திலும் திறந்தே இருக்கும். கோழிகள் ஆழமான கூட்டின் பின்புறத்தில் உறங்கும். பின்பக்கம் அடைபட்டிருப்பதால் முன்னால் நுழையும் காற்று ஊடறுத்துச் செல்ல வழியின்றி, உறங்கும் இடத்தில் அமைதியாக இருக்கும். ஈரம் மட்டும் மெல்ல வெளியேறும். இவ்வடிவமைப்பு இன்றும் கொல்லைப்புற வளர்ப்பாளர்களால் பின்பற்றப்படுகிறது.

ஈரப்பதமும் காற்றோட்டமும்

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழப் பின்வருமாறு:

* 20 பாகை செல்சியசில்: 17 கிராம்
* 0 பாகை செல்சியசில்: 5 கிராம்
* −20 பாகை செல்சியசில்: 1 கிராம்

இதற்கு மேற்பட்ட நீராவி சுவரிலும் கூரையின் உட்புறத்திலும் கோழியின் கொண்டையிலும் நீர்த்துளியாகவோ உறைபனியாகவோ படியும்.

ஒரு பெட்டைக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிலீட்டர் நீர் அருந்துகிறது. முட்டையில் சேரும் சிறு பகுதி போக, ஏனையது மூச்சின் வழியாகவும் எச்சத்தின் வழியாகவும் வெளியேறுகிறது. புதிய எச்சத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீரே. ஆறு கோழிகள் உள்ள கூட்டிற்கு இது நாளொன்றுக்கு 1.2 லீட்டர் ஆகும்.

எடுத்துக்காட்டாக, 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் கொண்ட கூட்டின் கொள்ளளவு 4.5 கனமீட்டர். அதன் உட்புறம் 0 பாகையில் இருப்பின், அக்காற்று தாங்கும் நீராவி ஏறத்தாழ 22 கிராம் மட்டுமே. கோழிகள் வெளியேற்றும் நீரில் கால் பங்கு, அதாவது 300 கிராம், 14 மணி நேரக் குளிர்கால இரவில் நீராவியாகிறது என்று கொண்டால், அது காற்று தாங்கும் அளவைப் போல் 13 மடங்கிற்கும் மேலாகும். வெளியிலிருந்து −20 பாகையில் உள்ளே வரும் ஒவ்வொரு கனமீட்டர் காற்றும் 0 பாகைக்குச் சூடானால், வெளியேறும்போது ஏறத்தாழ 4 கிராம் நீராவியை எடுத்துச் செல்ல இயலும். எனவே கூட்டின் காற்று முழுவதும் ஏறத்தாழ மணிக்கு ஒரு முறையேனும் மாற வேண்டும். இது எளிமையாக்கப்பட்ட கணக்கே. உட்புறம் இதைவிடக் குளிராக இருப்பின் ஒவ்வொரு கனமீட்டரும் எடுத்துச் செல்லும் நீராவி குறையும். அதற்கேற்ப மாற வேண்டிய காற்றின் அளவு கூடும். சுவர்களுக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு இடுவதன் பயனும் இதுவே. வெப்பக் காப்பு காற்றோட்டத்திற்கு மாற்றன்று, துணையே ஆகும்.

காற்றோட்டத்தையும் வீசுகாற்றையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். கோழிகள் அமரும் உயரத்திற்கு மேலே, கூரையை ஒட்டிய திறப்புகளின் வழியாக ஈரக்காற்று வெளியேறுவது காற்றோட்டம். அமர்ந்திருக்கும் கோழியின் மீது நேரே பாய்வது வீசுகாற்று. முன்னது இன்றியமையாதது, பின்னது தீங்கானது. ஆகவே திறப்புகள் கூரையோரத்தில், இயன்றால் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைக்கப்படுகின்றன. தரையை ஒட்டிய வெடிப்புகள் அடைக்கப்படுகின்றன. ஒவ்வொரு 10 சதுர அடித் தரைக்கும் 1 சதுர அடித் திறப்பு என்பது பரவலாகக் கூறப்படும் குறைந்த அளவு. பலர் இதனினும் கூடுதலாக வைக்கின்றனர்.

எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் ஈரக் கூளத்தில் நுண்ணுயிர்களால் சிதைக்கப்படும்போது அமோனியா வெளிப்படுகிறது. காற்றில் இதன் அளவு மில்லியனில் 25 பங்கை மீறலாகாது என்பது பொதுவான வரையறை. அமோனியா மிகுந்தால் கோழியின் கண்களும் மூச்சுக்குழாயின் உட்சவ்வும் பாதிக்கப்படும். கூட்டைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. விடியற்காலையில் கதவைத் திறந்து, கோழியின் தலை உயரத்திற்குக் குனிந்து மூச்சிழுத்தால் மூக்கில் நெடி ஏறக்கூடாது. கூரையின் உட்புறத்தில் உறைபனி படிந்திருக்கக்கூடாது. இவ்விரண்டில் ஒன்று இருப்பினும் திறப்புகள் போதவில்லை என்பது பொருள்.

கூட்டின் அமைப்பு

இடவசதி

கூட்டினுள் ஒரு கோழிக்கு 4 சதுர அடியும், வெளித்திடலில் 10 சதுர அடியும் குறைந்த அளவுகளாகக் கூறப்படுகின்றன. கோழிகள் பனியில் நடக்கத் தயங்குவதால் குளிர்காலத்தில் பல நாட்கள் உள்ளேயே இருக்க நேரும். நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்தும் பழக்கம் தோன்றுவதால், இயன்றவரை கூடுதல் இடம் தருவது நல்லது. வெளித்திடலின் ஒரு பகுதிக்குக் கூரையிட்டு, காற்று வரும் பக்கத்தை ஒளி புகும் நெகிழித்தாளால் மறைத்தால், உலர்ந்த தரையும் பகல் வெளிச்சமும் கிடைக்கும்.

அமரும் கட்டை

வெப்ப நாடுகளில் உருண்டைக் கொம்பு போதுமானது. குளிர் நாடுகளில் ஏறத்தாழ 9 செண்டிமீட்டர் அகலமுள்ள பலகை, அகன்ற பக்கம் மேலிருக்குமாறு பொருத்தப்படுகிறது. இதில் கோழியின் விரல்கள் தட்டையாக இருப்பதால் வயிற்றிறகு அவற்றை முழுதும் மூடும். உலோகக் குழாய்கள் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் தவிர்க்கப்படுகின்றன. ஒரு கோழிக்கு 20 முதல் 25 செண்டிமீட்டர் நீளம் தேவை. கட்டையின் கீழே பலகை வைத்து, இரவு எச்சத்தை நாள்தோறும் காலையில் அகற்றுவது ஈரத்தைக் குறைக்கும் எளிய வழியாகும்.

ஆழ்கூளம்

தரையில் மரச்சீவல், வைக்கோல், உலர்ந்த இலை ஆகியவற்றைப் பரப்பி, அழுக்கடைந்ததை அகற்றாமல் அதன்மேல் புதியதை இட்டுக்கொண்டே செல்வது ஆழ்கூள முறை எனப்படும். இலையுதிர் காலத்தில் 15 செண்டிமீட்டர் அளவில் தொடங்கி, குளிர்கால முடிவில் 30 செண்டிமீட்டர் வரை உயரலாம். கூளத்தின் கரிமமும் எச்சத்தின் நைதரசனும் சேர்ந்து மெல்ல மட்கும்போது சிறிதளவு வெப்பம் வெளிப்படுகிறது. தரையின் குளிரும் மேலே ஏறாது. கூளத்தை அவ்வப்போது கிளறிவிட வேண்டும். மேலே தூவப்படும் தானியத்திற்காகக் கோழிகளே இவ்வேலையைச் செய்துவிடும். இளவேனிலில் அகற்றப்படும் கூளம், மேலும் மட்கிய பின் தோட்டத்திற்கு உரமாகிறது.

கூரையும் பாதுகாப்பும்

படிந்து இறுகிய பனியின் அடர்த்தி கனமீட்டருக்கு 200 முதல் 300 கிலோகிராம் வரை இருக்கும். 30 செண்டிமீட்டர் தடிப்பில் இத்தகைய பனி தேங்கினால், 3 சதுர மீட்டர்க் கூரையின் மேல் 180 முதல் 270 கிலோகிராம் வரை சுமை ஏறும். எனவே கூரை சரிவாக அமைக்கப்படுகிறது. வெளித்திடலின் மேல் கட்டப்படும் மெல்லிய வலைகள் ஈரப்பனியின் சுமையால் அறுந்து விழுவது உண்டு.

குளிர்காலத்தில் இரை கிடைக்காத விலங்குகள் கூட்டை நாடி வரும். நரி, இரக்கூன் ஆகியவற்றுடன், கீரியைப் போன்று ஒல்லியான உடலுடைய வீசல் என்னும் ஊனுண்ணி குறிப்பிடத்தக்கது. இது 2.5 செண்டிமீட்டர்த் துளை வழியாகவும் நுழைந்துவிடும். ஆகவே காற்றோட்டத் திறப்புகள் எல்லாவற்றிற்கும் 1.25 செண்டிமீட்டர் சதுரக் கண்கள் கொண்ட உறுதியான கம்பி வலை பொருத்தப்படுகிறது. வேலியோரம் குவியும் பனி, விலங்குகளுக்கு ஏணியாகிவிடுவதால் அதனை அகற்ற வேண்டும்.

செயற்கை வெப்பமூட்டல்

ஓய்விலிருக்கும் ஒரு கோழி ஏறத்தாழ 10 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆறு கோழிகள் சேர்ந்து 60 வாட் பழைய மின்குமிழ் ஒன்றிற்கு இணையாகும். அளவான, உலர்ந்த கூட்டில் இதுவே பெரும்பாலும் போதுமானது.

250 வாட் அகச்சிவப்பு விளக்குகளைக் கூட்டில் தொங்கவிடுவது பரவலான பழக்கம். மரச்சீவலும் வைக்கோலும் தூசியும் நிறைந்த இடத்தில் இவ்விளக்கு கீழே விழுந்தாலோ, கோழி அதன்மேல் பறந்து மோதினாலோ தீப்பற்றும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இத்தகைய தீ விபத்துகள் நேர்கின்றன. தீ அருகிலுள்ள வீட்டிற்கும் பரவுவது உண்டு.

இரண்டாவது இடர் மின்தடை. படிப்படியாகக் குளிரும் இலையுதிர் காலத்தில் கோழிகள் புதிய அடர்ந்த இறகுகளைப் பெற்று, உடலையும் பழக்கிக்கொள்கின்றன. சூடான கூட்டில் வைக்கப்பட்டவை இப்பழக்கத்தை முழுமையாகப் பெறுவதில்லை. அவை மின்தடை ஏற்படும் இரவில் திடீரென்று கடுங்குளிருக்கு ஆளாகின்றன. 1998 சனவரியில் கியூபெக், கிழக்கு ஒன்ராறியோ, வடகிழக்கு அமெரிக்க மாநிலங்கள் ஆகியவற்றைத் தாக்கிய உறைமழைப் புயலில் மின்கம்பிகள் பனிக்கட்டியின் சுமையால் அறுந்து, பல்லாயிரக்கணக்கான வீடுகள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. மின்சாரத்தை நம்பாத கூடே பாதுகாப்பான கூடு என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

குஞ்சுகள் இதற்கு விலக்கு. முதல் வாரத்தில் அவற்றிற்கு ஏறத்தாழ 35 பாகை வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைக்கலாம். இறகு முளைக்கும் வரை அவற்றைக் குளிர்காலக் கூட்டில் விடலாகாது. நோயுற்ற, இறகு உதிர்ந்த கோழிகளுக்கும் வெப்பம் தேவைப்படலாம். அத்தகைய வேளைகளில் சூடேறிய தட்டு வடிவக் கருவிகள், விளக்கைக் காட்டிலும் பாதுகாப்பானவை.

தண்ணீரும் தீவனமும்

குளிர்கால வளர்ப்பில் நாள்தோறும் மிகுதியாக உழைப்பைக் கோருவது தண்ணீரே. நீர் உறைந்துவிட்டால் கோழி உண்பதையும் குறைத்துக்கொள்ளும். மின்வசதி உள்ளோர் குறைந்த வாட் வெப்பத்தட்டின் மேல் நீர்க்கலனை வைப்பர். ஏனையோர் கறுப்பு இரப்பர்த் தொட்டிகளைப் பயன்படுத்துகின்றனர். இவற்றைக் கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி உடையாமல் கழன்று விழும், தொட்டியும் வெடிக்காது. இரவில் கோழிகள் அருந்துவதில்லை. ஆகையால் நீர்க்கலனை மாலையில் வெளியே எடுத்து, காலையில் வெதுவெதுப்பான நீருடன் வைப்பது ஈரத்தையும் குறைக்கும்.

குளிர் மிகும்போது, உடல் வெப்பத்தைக் காக்கக் கோழி கூடுதலாக உண்கிறது. 16 விழுக்காடு புரதமுள்ள முட்டைக்கோழித் தீவனமே அடிப்படை உணவாக இருக்க வேண்டும். மாலையில் ஒரு கைப்பிடி உடைத்த மக்காச்சோளம் தருவது வழக்கம். அது இரவில் செரிமானமாகும்போது வெப்பம் கிடைக்கிறது. மிகுந்தால் கொழுப்பு கூடும். தரை பனியால் மூடப்பட்டிருப்பதால், அரைப்பையில் தானியத்தை அரைக்கத் தேவையான சிறு கற்களைத் தனியே வைக்க வேண்டும். கிளிஞ்சல் துகளும் அவ்வாறே.

முட்டையும் ஒளியும்

குளிர்காலத்தில் முட்டை குறைவதற்கு முதன்மைக் காரணம் குளிரன்று, பகல் குறைவதே. நன்கு முட்டையிட நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர ஒளி தேவை. திசம்பர் மாத இறுதியில் மொண்ட்ரியாலில் பகல் 9 மணி நேரத்திற்கும் குறைவு. எட்மண்டனில் ஏழரை மணி நேரம் மட்டுமே. இலையுதிர் காலத்தில் இறகுதிர்ப்பும் நிகழ்வதால், உடலின் புரதம் புதிய இறகுகளுக்குச் செலவாகிறது.

சிறு விளக்கொன்றைக் காலங்குறிகருவியுடன் இணைத்து ஒளியைக் கூட்டலாம். விடியலுக்கு முன் ஒளியைக் கூட்டுவதே முறை. மாலையில் விளக்கு திடீரென்று அணைந்தால், கட்டையில் ஏறாத கோழிகள் இருளில் தடுமாறும். கோழிகளுக்கு இயற்கை ஓய்வு தர விரும்புவோர் ஒளியைக் கூட்டுவதில்லை. முட்டையின் வெண்கரு உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே உறைந்து ஓட்டை விரிசலாக்குவதால், நாளில் பலமுறை முட்டைகளைச் சேகரிக்க வேண்டும்.

பனிக்கடி

திசுக்களிலுள்ள நீர் உறைவதால் ஏற்படும் சேதம் பனிக்கடி எனப்படும். கொண்டையின் முனைகள், தாடி, கால்விரல்கள் ஆகியன பாதிக்கப்படும். முதலில் அவ்விடம் வெளிறும். பின்னர் வீங்கி, கடும் பாதிப்பில் கறுத்துவிடும். பெரிய கொண்டையுடைய சேவல்களுக்கு இது மிகுதி. நீர் அருந்தும்போது தாடி நனைவதும் ஒரு காரணம்.

பாதிக்கப்பட்ட கோழியைக் குளிரற்ற, ஆனால் மிகச் சூடாக இல்லாத இடத்திற்கு மாற்றி, மெல்ல வெப்பம் பெறச் செய்ய வேண்டும். அவ்விடத்தைத் தேய்க்கக்கூடாது, சூடான காற்றை நேரே பாய்ச்சக்கூடாது. உருகிய திசு மீண்டும் உறைந்தால் சேதம் கூடும். கறுத்த பகுதி உலர்ந்து தானே உதிரும். கீழுள்ள திசுவைக் காப்பதால் அதனை வெட்டலாகாது. கால் பாதிக்கப்பட்டாலோ புண் சீழ் பிடித்தாலோ கால்நடை மருத்துவரை நாட வேண்டும். கொண்டையில் பெட்ரோலியக் களிம்பு பூசும் பழக்கம் உண்டு. ஈரம் தேங்கிய கூட்டின் குறையை அது ஈடு செய்யாது.

ஏற்ற இனங்கள்

சிறிய கொண்டை, பருத்த உடல், அடர்ந்த இறகு ஆகியவை குளிருக்கு ஏற்ற பண்புகள்.

* சாண்டெக்ளேர்: கியூபெக்கின் ஓக்கா ஊரில், துறவி வில்ஃபிரிட் சாட்லென் என்பவரால் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. 1921 ஆம் ஆண்டு அமெரிக்கக் கோழியினத் தர ஏட்டில் சேர்க்கப்பட்டது. கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை. இவ்வினம் உருவாகப் பயன்பட்டவற்றுள் கருங்கோர்னிசும் ஒன்று. கோர்னிசு இனமோ, இந்தியாவின் அசீல் சண்டைக்கோழியின் கலப்பால் இங்கிலாந்தில் தோன்றி, முன்னர் 'இந்தியச் சண்டைக்கோழி' என்றே அழைக்கப்பட்டது. இவ்வகையில் கனடாவின் பனிக்காலக் கோழியில் இந்தியக் கோழியின் மரபும் கலந்துள்ளது.
* வயண்டாட்: ரோசாக் கொண்டை எனப்படும் தட்டையான கொண்டையுடைய அமெரிக்க இனம்.
* பக்கை: ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த நெட்டி மெட்காஃப் என்ற பெண்மணி உருவாக்கியது. பட்டாணிக் கொண்டையுடையது.
* பிரம்மா: சீனத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பறவைகளிலிருந்து 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்க்கப்பட்டது. பிரம்மபுத்திரா ஆற்றின் பெயரைக் கொண்டது. இதன் கால் இறகுகளில் பனி உருண்டு ஒட்டிக்கொள்வது ஒரு குறை.

நீண்ட ஒற்றைக் கொண்டையுடைய லெகார்ன், மினோர்கா முதலிய நடுநிலக்கடற் பகுதி இனங்கள் பனிக்கடிக்கு எளிதில் ஆளாகின்றன.

பறவைக் காய்ச்சல்

2021 திசம்பரில் கனடாவின் நியூஃபவுண்லாந்தில் எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. 2022 ஆம் ஆண்டு இது கனடாவிலும் அமெரிக்காவிலும் பரவி, பெரும் பண்ணைகளுடன் கொல்லைப்புறக் கூடுகளையும் பாதித்தது. வலசை செல்லும் நீர்ப்பறவைகள் இதனைப் பரப்புகின்றன. ஆகவே தீவனத்தையும் நீரையும் காட்டுப் பறவைகள் அணுகாவண்ணம் கூரையின் கீழ் வைத்தல், கூட்டிற்குத் தனிக் காலணி அணிதல், காட்டுப் பறவைகளுக்கு இரையிடும் தட்டுகளைக் கூட்டருகே வைக்காதிருத்தல் ஆகியவை வேண்டும். பல கோழிகள் திடீரென்று இறந்தால், இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமல் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். கனடாவில் இதற்குரிய அமைப்பு கனடிய உணவு ஆய்வு முகமை ஆகும்.

சட்ட நிலை

நகர்ப்புறங்களில் கோழி வளர்க்க மாநகராட்சி விதிகள் இடமளிக்க வேண்டும். வான்கூவர் 2010 ஆம் ஆண்டு வீடொன்றுக்கு நான்கு பெட்டைகள் வரை அனுமதித்தது. எட்மண்டன் 2014 இல் முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. தமிழர் மிகுதியாக வாழும் ரொறன்ரோ 2018 இல் சில வட்டாரங்களில் மட்டும் முன்னோட்டமாக அனுமதித்தது. அத்திட்டம் பின்னர் முடிவுக்கு வந்தது. கூவும் ஒலியின் காரணமாகச் சேவல்கள் பெரும்பாலான நகரங்களில் தடை செய்யப்பட்டுள்ளன. விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதால், கூடு கட்டுவதற்கு முன் உள்ளூர் மாநகராட்சியிடம் கேட்டறிதல் தேவை.

இவற்றையும் பார்க்கவும்

* கோழி
* சிவப்புக் காட்டுக்கோழி
* அசீல்
* ஆழ்கூள முறை
* பனிக்கடி
* பறவைக் காய்ச்சல்